ராத்திரி ரெண்டு மணி வரை கேம்: பொறுப்பு யாருக்கு?

விளாங்குடிக்காரன் எழுதியது:

சண்டை போடுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை, ஆனால் சண்டை வந்தாலும் பரவாயில்லை. ஒருவர் வீடியோ கேமுக்கு அடிமையாகிவிட்டார் என்று சொல்கிறோமே, அதில் அவருடைய பங்கு எவ்வளவு? என்னைக் கேட்டால் முழுப் பங்கும் அவருடையதுதான். யாரும் கழுத்தில் கத்தி வைத்து ஆடச் சொல்லவில்லை. குடி என்றால் உடம்புக்குள் ஒரு பொருள் போகிறது, விட்டால் கை நடுங்குகிறது, அது புரிகிறது. செல்போன் திரையில் விரலை நகர்த்துவதை நிறுத்த என்ன கஷ்டம்?

ஏன் கேட்கிறேன் என்றால், என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு வயது 33. டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார், நல்ல வியாபாரம். ராத்திரி இரண்டு, இரண்டரை வரை கேம். காலையில் அவர் கடைக்கு வரப் பதினொன்றரை ஆகிவிடும். சமீபத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அவருடைய அண்ணன், "அவன் என்ன செய்வான், அந்தக் கேமை அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கான்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். 33 வயது ஆளுக்கு "அவன் என்ன செய்வான்" என்பது ஒரு பதிலா? கடையில் கடன் சொல்லிவிட்டுப் போகிறவரை மாப்பிள்ளை அப்படிச் சொல்லி விட்டுவிடுவாரா?

கருத்து சொல்லுங்கள். "எதுவும் அளவோடு இருந்தால் நல்லது" என்று மட்டும் எழுதாதீர்கள். அது எங்கள் அப்பத்தாவுக்கே தெரியும்.

தல்லாகுளம் தம்பி எழுதியது:

அண்ணே சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். நானும்தான் ஆடுகிறேன். பரீட்சை வந்தால் எடுத்து வைத்துவிடுவேன். முடியாது என்பவர்களுக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

கோடு எழுதுறவன் எழுதியது:

தம்பி, உன்னால் முடிகிறது என்பதால் எல்லாராலும் முடியும் என்று ஆகிவிடாது. ஆடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் உன் மாதிரிதான். பேச்சு மீதிப் பேரைப் பற்றியது.

நான் சில வருடம் மொபைல் கேம் செய்யும் இடத்தில் வேலை பார்த்தவன். ஊர் திருநகர், வேலை பெங்களூரில். விளாங்குடி அண்ணே, கத்தி யாரும் வைக்கவில்லைதான். ஆனால் வாரக் கூட்டத்தில் முதலில் திரையில் வருவது மூன்று எண்கள்: புதிதாக இறக்கியவர்களில் மறுநாள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், ஏழாம் நாள் எத்தனை பேர், முப்பதாம் நாள் எத்தனை பேர். இந்தத் தொழிலில் எங்கே போனாலும் இதுதான் வழக்கம். கதை, படம், பாட்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்த எண்ணைக் கூட்ட என்ன செய்வார்கள் தெரியுமா? தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு. ஏழு நாளும் விடாமல் வந்தால் பெரிய பரிசு, ஒருநாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து. சீசன் முடிவதற்குள் இத்தனை புள்ளி எடுக்காவிட்டால் காசு கொடுத்து வாங்கிய பாஸ் வீண். புதிதாக வருகிறவர் தோற்று வெறுத்துப் போகக் கூடாது என்று, ஆரம்ப ஆட்டங்களில் எதிரிகளுக்கு நடுவே கணினியே ஆடும் பொம்மைகளைக் கலந்து விடுவார்கள். அவர் சுட்டுத் தள்ளிவிட்டுத் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்வார். அப்புறம் கேமுக்குள்ளேயே விற்கும் பரிசுப் பெட்டி. திறந்தால் என்ன வரும் என்று தெரியாது, விஷயமே அதில்தான் இருக்கிறது. எப்போது இரை விழும் என்று தெரியாவிட்டால் புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் போன நூற்றாண்டிலேயே சோதனை செய்து காட்டிவிட்டார். காசு கட்டித் திறக்கும் இந்தப் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று பெல்ஜியம் 2018-ல் சொல்லிவிட்டது. நிறையச் செலவழிக்கும் ஆட்டக்காரருக்குத் தொழிலில் வைத்திருக்கும் பெயர் "திமிங்கலம்". வாடிக்கையாளரை இப்படிக் கூப்பிடும் தொழில் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இது எதுவும் மாப்பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு பக்கம் நாள் முழுக்கக் கடையில் நின்று களைத்த ஒருவர். இன்னொரு பக்கம் அவரை விடாமல் வைத்திருப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒரு கூட்டம். இதில் "மனமிருந்தால் முடியும்" என்பது சம பலமுள்ள போட்டி மாதிரிப் பேசுவது.

சிம்மக்கல் பிரவுசிங் எழுதியது:

2000-களில் சிம்மக்கல் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பேருக்குத்தான் பிரவுசிங், காசு வந்ததெல்லாம் கவுன்டர் ஸ்ட்ரைக், வைஸ் சிட்டி என்ற கேம்களில்தான். மணிக்கு 20 ரூபாய். டியூஷன் காசை எடுத்துக்கொண்டு வருவார்கள், ஸ்கூல் பையோடு வருவார்கள், கேட்டால் பிராஜெக்ட் என்பார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு அதிகம் என்று பேசுகிறவர்கள் என் கடைக்கு வந்ததில்லை.

அவர்களை நிறுத்தியது மூன்று விஷயம். காசு தீரும். ஒன்பதரைக்கு நான் ஷட்டரைப் பாதி இறக்குவேன். அப்புறம், யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார். ஒரு பையனுடைய பெரியப்பா எதிரே வாட்ச் கடை வைத்திருந்தார். அந்தப் பையன் உள்ளே வருவதற்கு முன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்க்கும் அழகைச் சொல்லி மாளாது. மற்றவர்களை அவர்களுடைய அம்மாக்களே கடை வாசலில் வந்து நின்று கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்கே வெட்கமாக இருக்கும், ஆனால் காசை வாங்கிப் போடும்போது அந்த வெட்கம் வராது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. நெட் கிட்டத்தட்ட சும்மா கிடைத்தது. நான் ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டேன். என் கடையில் இருந்த கேம் இப்போது போர்வைக்குள் இருக்கிறது. காசு தீர்வதில்லை, ஷட்டர் இல்லை, பெரியப்பாவும் இல்லை. முன்பு மூன்று பேர் சேர்ந்து செய்த வேலையை இப்போது அந்தப் பையன் ஒருத்தனே செய்ய வேண்டும் என்கிறோம். செய்யலாம். ஆனால் வேலை கூடியிருக்கிறது என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

வார்டு அக்கா எழுதியது:

மனநலப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

"அடிமை" என்ற சொல்லை வீட்டில் ரொம்பச் சுலபமாகப் பயன்படுத்துகிறார்கள். விடுமுறையில் நாலு மணி நேரம் ஆடும் பையனையும் கூட்டி வந்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது உண்மை. 2019 மே மாதம் ஒப்புதல் கிடைத்து, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் அது சூதாட்டக் கோளாறுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதில் மணிக்கணக்கு எதுவும் கிடையாது. பார்ப்பது வேறு: எப்போது ஆரம்பிப்பது, எப்போது முடிப்பது என்பது கையை விட்டுப் போயிருக்கிறதா; சாப்பாடு, வேலை, ஆட்களைவிட ஆட்டம் முன்னால் வந்துவிட்டதா; கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்கிறதா. இதனால் குடும்பமோ படிப்போ தொழிலோ நன்றாகவே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக 12 மாதமாவது இப்படி இருந்தால்தான் அந்தப் பெயர். ரொம்பத் தீவிரமாக இருந்தால் அதற்கு முன்பே சொல்லலாம்.

இதை நோய் என்று சொல்வதை எதிர்த்த ஆய்வாளர்களும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-ல் இதை "இன்னும் ஆராய வேண்டியது" என்ற பகுதியில்தான் வைத்தது. ஆகவே, ஊரே ஒத்துக்கொண்ட விஷயம் என்றும் நினைக்க வேண்டாம்.

விளாங்குடித் தம்பிக்கு என் பதில்: நோய் என்று பெயர் வைத்தால் பொறுப்பு போய்விடும் என்று பயப்படாதீர்கள். கேமை விடுவதற்கென்று மாத்திரை கிடையாது. கூடவே மனச்சோர்வோ, பதற்றமோ, கவனக் குறைபாடோ இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள், நிறையப் பேருக்கு அது கூடவே இருக்கிறது. மற்றபடி சிகிச்சையில் பாதி வேலை வந்தவருடையதுதான். எந்த நேரத்தில் கை போனுக்குப் போகிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதி வர வேண்டும். "இந்த வாரம் என்ன மாற்றுவீர்கள்" என்று டாக்டர் கேட்பார், அதற்குப் பதிலை அவர் வாயால் சொல்ல வேண்டும். வீட்டில் திட்டும்போது யாரும் இதைக் கேட்பதில்லை.

விளாங்குடிக்காரன் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன மூன்றும் அவருக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அழகர் ஆற்றில் இறங்கும் வரை எல்லாரும் தூங்காமல்தான் இருந்தோம். வந்ததிலிருந்து கிளம்பும் வரை கேமைத் திறக்கவே இல்லை. கை நடுங்கவில்லை, எரிந்து விழவில்லை. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தல்லாகுளம் வரை நடந்தார். கட்டுப்பாடு கையை விட்டுப் போயிருந்தால் அங்கே மட்டும் எப்படி வந்தது? வேண்டுமென்றால் முடிகிறது. வேண்டாம் என்பதால் வீட்டில் முடியவில்லை. இதைத்தான் நான் பொறுப்பில்லாமை என்கிறேன்.

பழைய கான்கரர் எழுதியது:

பெயரைப் பார்த்தே சில பேருக்குப் புரிந்திருக்கும். பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டைக் கேமில் கான்கரர் என்ற கடைசிப் படி வரை ஏறினவன். அதை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு டீ கூட வாங்க முடியாது.

அண்ணே, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் பதிலை மாற்றி எடுத்துவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்ததும் அவருக்கு வைராக்கியம் வந்துவிடவில்லை. மாமனார் வீடு, சுற்றிலும் ஆட்கள், தோளில் பிள்ளை, படுக்கத் தனி அறை இல்லை. கூட ஆடுகிறவர்களிடம் "திருவிழா, வர மாட்டேன்" என்று முன்னாலேயே சொல்லியிருப்பார். சிம்மக்கல் அண்ணன் சொன்ன ஷட்டரும் பெரியப்பாவும் உங்கள் வீட்டில் இருந்தார்கள். அவர் வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு அவர்கள் இல்லை.

அதே சமயம் கோடு எழுதுறவன் சொல்வதையும் நான் முழுக்க ஏற்க மாட்டேன். பெட்டி, பாஸ், பொம்மை எல்லாம் உண்மை. ஆனால் எல்லாம் தெரிந்த பிறகும் நான் ஆடினேன். எதிரே இருப்பது பொம்மை என்பது பழகியவனுக்கு அது ஓடும் விதத்திலேயே தெரியும். தெரிந்துதான் சுட்டேன். எனக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது கேம்கூட இல்லை. அரியர் வைத்திருந்தேன், வீட்டில் அதைப் பற்றிப் பேசாத ஒரே இடம் அதுதான். இதைக் கம்பெனியின் தலையில் கட்டினால் எனக்கே பொய் என்று தெரியும்.

தடையும் உதவவில்லை. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு பப்ஜியை நிறுத்தியதும் எங்கள் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அந்த வாரமே நாங்கள் வேறு கேமுக்குப் போய்விட்டோம். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றி அதுவே திரும்பி வந்தது. கேமைப் போனிலிருந்து அழிப்பதும் வீண் வேலை. கணக்கு அவர்களிடம் பத்திரமாக இருக்கும். மறுநாள் இறக்கினால் துப்பாக்கி, சட்டை, தொப்பி எல்லாம் விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

எனக்கு எது உதவியது என்றால், ராத்திரி ஒரு மணிக்கு எனக்குக் கட்டுப்பாடு இருக்கும் என்று நம்புவதை நிறுத்தினேன். அந்த நேரத்தில் யாருக்கும் இருக்காது. "இன்னும் ஒரு மேட்ச்" என்பது அரை மணி நேரம், அதில் கடைசி நிமிஷத்தில் செத்தால் அடுத்ததைப் போடாமல் தூக்கம் வராது. ஆனால் மாலை ஆறு மணிக்கு எனக்குக் கட்டுப்பாடு இருந்தது. டீ குடித்துவிட்டுத் தெளிவாக இருக்கும் நேரம். அப்போது செய்ய முடிந்ததையெல்லாம் அப்போதே செய்தேன். கணக்கின் கடவுச்சொல்லை அக்காவை மாற்றச் சொல்லி, என்னிடம் சொல்லாதே என்றேன். கூட ஆடும் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து வெளியே வந்தேன். இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. போன் ராத்திரி அப்பாவின் கட்டில் பக்கம் சார்ஜில் கிடக்கும்.

"சின்னப் பிள்ளை மாதிரி இன்னொருத்தரிடம் கொடுத்து வைக்கிறாயே, இதுவா சுயக்கட்டுப்பாடு" என்று சித்தப்பா சிரித்தார். நம் ஊரில் சம்பளம் கையில் தங்காது என்று தெரிந்தவர்கள் ஏலச்சீட்டில் சேர்கிறார்கள். மாதம் பிறந்தால் சீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார் என்பதற்காகவே சேர்கிறார்கள். அவர்களை யாரும் கட்டுப்பாடில்லாதவர்கள் என்று சொல்வதில்லை, குடும்பம் நடத்தத் தெரிந்தவர்கள் என்கிறோம். சித்தப்பாவே இரண்டு சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆக, விளாங்குடி அண்ணே, பொறுப்பு மாப்பிள்ளைக்குத்தான், உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நிறுத்தவில்லையே என்று அவரைத் திட்டாதீர்கள். மாலை ஆறு மணிக்கு அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

தல்லாகுளம் தம்பி எழுதியது:

மணி ஒன்றே முக்கால். கேமை விடுவது எப்படி என்று படித்துக்கொண்டிருக்கிறேன். தூங்கா நகரம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

இடையில் எந்தத் துப்பாக்கி நல்ல துப்பாக்கி என்று நடந்த பேச்சை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழை இருக்கிறது. தம்பி, போய்ப் படு.

உலகனேரி எழுதியது:

கோர்ட் வேலையில் இருக்கிறேன். பேச்சு தடை வரை வந்துவிட்டதால் சட்டத்தைக் கொஞ்சம் தெளிவாக்கிவிடுகிறேன். இரண்டு விஷயத்தை இங்கே எல்லாரும் கலக்கிறார்கள்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி போன்றவை ஒரு வகை. 2020 ஜூலையில் சீட்டாட்ட வழக்கு ஒன்றைப் பார்த்த உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளைதான் இவற்றை முறைப்படுத்தச் சட்டம் தேவை என்று சொன்னது. அப்புறம் தமிழக அரசு சட்டம் போட்டதும், 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும், 2022-ல் மறுபடி கொண்டு வந்ததும், அது 2023-ல் நடைமுறைக்கு வந்ததும் பெரிய கதை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது. மாப்பிள்ளை ஆடுவது இந்த வகை இல்லை. அவருடைய கேமுக்கு இந்தத் தடை எதுவும் பொருந்தாது.

ஆனால் நடுவில் ஒன்று நடந்தது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு, பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பூட்டு என்று விதி கொண்டு வந்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. வயது வந்தவர் எப்போது ஆட வேண்டும் என்று அரசு சொல்லலாமா என்பதுதான் கேள்வி. சொல்லலாம் என்று ஜூனில் தீர்ப்பு வந்தது. கான்கரர் தம்பி ஒரு மணிக்கும் ஆறு மணிக்கும் சொன்ன வித்தியாசத்தை அரசாங்கமும் கணக்கில் எடுத்திருக்கிறது பாருங்கள்.

வெளிநாட்டில் வீடியோ கேமுக்கே இதைச் செய்து பார்த்தார்கள். தென் கொரியா 2011-ல், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்றது. சட்டம் கணினி கேமுக்குத்தான் பொருந்தும், பிள்ளைகள் செல்போனுக்குப் போய்விட்டார்கள். 2021-ல் அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. சீனா 2021 ஆகஸ்டில் இன்னும் கடுமையாகப் போனது: 18 வயதுக்குக் கீழே என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும். அங்கே பிள்ளைகள் தாத்தா பாட்டி பெயரில் உள்ள கணக்கில் ஆடுகிறார்கள் என்று செய்தி வந்தது. 33 வயதுக்காரருக்கு எந்த நாடும் மணி அடிக்கப் போவதில்லை. அது வீட்டுக்குள் தீர வேண்டிய விஷயம்.

பூ மார்க்கெட் எழுதியது:

எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். மாப்பிள்ளை கடைக்கு வரப் பதினொன்றரை ஆகும் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் காலை ஒன்பது மணிக்கே மெக்கானிக்குகள் வருவார்கள். வியாபாரமும் நன்றாக நடக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை கடையில் நிற்பது யார்?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அம்மா மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ எடுத்து விற்கிறார். விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். தம்பி பாலிடெக்னிக். 2020-ல் ஆன்லைன் கிளாஸுக்கென்று கடன் வாங்கி ஒரு போன் வாங்கினோம், வீட்டுக்கே ஒரு ஸ்மார்ட் போன் அதுதான். கிளாஸ் முடிந்தது, கேம் முடியவில்லை. ராத்திரி அவன் ஆடுவான், காலையில் போனில் சார்ஜ் இருக்காது, அம்மாவால் வியாபாரி நம்பரைக் கூப்பிட முடியாது. அம்மா அவனைத் திட்டியதே இல்லை. "பாவம், சின்னப் பிள்ளை" என்று சொல்லி அவன் வேலையையும் சேர்த்துச் செய்தார். தண்ணீர் பிடிப்பது, கேஸ் பதிவது, ரேஷன் எல்லாம் என் தலையில் வந்தது. அவனுக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. சாப்பாடு கட்டில் வரை வந்தது. வார்டு அக்கா சொன்னார்களே, கெடுதல் தெரிந்தும் தொடர்வது என்று. அந்தக் கெடுதல் அவன் பக்கம் போகவே இல்லை, எங்கள் பக்கம் வந்தது.

நான் தனியாக ஒரு பட்டன் போன் வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். அப்புறம் தம்பியிடம், தண்ணீரும் ரேஷனும் இனி உன் வேலை, நீ செய்யாவிட்டால் யாரும் செய்ய மாட்டோம் என்றேன். அம்மாவை அதற்கு ஒத்துக்கொள்ள வைப்பதுதான் பெரிய பாடு. ஒருநாள் வீட்டில் தண்ணீரே இல்லை. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார், நான் விடவில்லை. அக்கம்பக்கத்தில் என்னைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள். அவன் இன்னும் ஆடுகிறான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் வரும் நேரத்தில் எழுந்துவிடுகிறான், அதனால் ராத்திரி தானாகக் குறைந்துவிட்டது.

பொறுப்பு மாப்பிள்ளைக்கா, கம்பெனிக்கா என்று எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். அது இப்போது யார் தலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள் அண்ணே.

விளாங்குடிக்காரன் எழுதியது:

தங்கச்சிதான் திறக்கிறாள். சின்னவனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து ஷட்டரைத் தூக்குகிறாள். பெரியவர்கள் பேசிய அன்றைக்கு அவள் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இதற்கு மேல் இப்போதைக்கு எழுத முடியவில்லை.

கோடு எழுதுறவன் எழுதியது:

பூ மார்க்கெட் அக்கா சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. கான்கரருக்கு மட்டும் ஒன்று. உங்களுக்குக் கடவுச்சொல்லை மாற்ற அக்கா இருந்தார், கட்டில் பக்கம் அப்பா இருந்தார். சென்னையில் மேன்ஷனில் தனியாக இருக்கும் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? "மாலை ஆறு மணிக்கு யோசி" என்று அவனிடம் சொல்லிவிட்டு, அந்த ஆறு மணிக்கே "உங்கள் நண்பர்கள் காத்திருக்கிறார்கள்" என்று அறிவிப்பு அனுப்புகிறவனை விட்டுவிடுவதா? ஒரு மேட்ச் முடிந்ததும் அடுத்ததற்குள் தானாகத் தள்ளாமல் இருக்கலாம். ஒருநாள் விட்டால் பரிசு போய்விடும் என்பதை எடுத்துவிடலாம். ஒரு வாரத்தில் செய்துவிடக்கூடிய வேலை. முப்பதாம் நாள் எண் குறையும் என்பதால்தான் செய்ய மாட்டார்கள்.

பழைய கான்கரர் எழுதியது:

செய்யச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர்கள் செய்யும் வரை காத்திருந்தால் எனக்கு அரியர் முடிந்திருக்காது. மேன்ஷன் பையன் விஷயம் நியாயம்தான். அவனுக்குக் கூடப் பக்கத்து ரூம்காரன் ஒருத்தன் இருப்பான். வெட்கத்தை விட்டுக் கேட்க வேண்டும், அதுதான் தடையாக இருக்கிறது.

வார்டு அக்கா எழுதியது:

விளாங்குடித் தம்பி, நேரில் பேசும்போது சில விஷயம் மனதில் இருக்கட்டும்.

போனைப் பிடுங்குவது, உடைப்பது, நெட்டைத் திடீரென்று வெட்டுவது வேண்டாம். எரிச்சல், தூக்கமின்மை, சண்டை எல்லாம் சில நாள் வரும் என்று தெரிந்து, அவர் சம்மதத்தோடு செய்வதுதான் நிற்கும். வளர்ந்த பிள்ளைகள் விஷயத்திலும் அப்படித்தான். பிடுங்கும்போது யாராவது "செத்துப் போவேன்" என்றால், மிரட்டுகிறான் என்று விடாதீர்கள். கூடவே இருங்கள், உடனே பேசுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நம் ஊரில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கும் டாக்டர் வரும் நாள் உண்டு, எந்தக் கிழமை என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனி கிளினிக் நடக்கிறது, ஆனால் முதலிலேயே அவ்வளவு தூரம் ஓட வேண்டியதில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்றும் கேளுங்கள். கடையில் ஏதாவது கடன், மனக்கசப்பு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், கேம் பிடித்திருக்கிறது என்பது மட்டும்கூடக் காரணமாக இருக்கும்.

விளாங்குடிக்காரன் எழுதியது:

பெரியவர்கள் யாரும் இல்லாமல் மாப்பிள்ளையோடு பேசினேன். கடையிலேயே, வியாபாரம் குறைந்த மதிய நேரத்தில்.

கடன் எதுவும் இல்லை. காரணம் நான் நினைத்தது போலவும் இல்லை. கூட ஆடுகிற மூன்று பேரும் அவருடைய பள்ளிக்கூட நண்பர்கள், துபாயில் இருக்கிறார்கள். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர்கள் வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு உட்கார நமக்குப் பதினொன்றரை ஆகிவிடுகிறது. அதனால்தான் இரண்டு மணி. "நான் போகலன்னா அவங்களுக்கு ஆள் குறையும் மச்சான், அங்க அவங்களுக்கு வேற என்ன இருக்கு" என்றார். கேமைவிட அந்தப் பேச்சுதான் விட முடியவில்லை போலிருக்கிறது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

ஆனாலும் கேட்டேன்: "அவங்ககிட்ட, காலைல ஒம்பது மணிக்குக் கடைன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கீங்களா?" சொல்லவில்லையாம். இதை எந்தக் கம்பெனியும் தடுக்கவில்லை, எந்த நோயும் தடுக்கவில்லை. இந்த இடத்தில் நான் இன்னும் முதல் பதிவில் சொன்ன ஆள்தான்.

ஞாயிறு மதியம் ஆடலாம், அவர்களுக்கும் லீவு என்று அவரே சொன்னார். மற்ற நாள் போன் கடையிலேயே இருக்குமாம். வீட்டுக்கு ஒரு சாதா போன் போதும் என்கிறார். கான்கரர் தம்பி, இது நிற்குமா?

பழைய கான்கரர் எழுதியது:

போன் கடையில் என்பது நல்ல யோசனை, அவரே சொன்னது அதைவிட நல்லது. ஒரு ஓட்டை இருக்கிறது: கடைச் சாவி யாரிடம்? அவரிடம் இருந்தால் முதல் வாரத்திலேயே ராத்திரி பத்தரைக்கு "ஸ்டாக் பார்க்கணும்" என்று கிளம்புவார். நானாக இருந்தால் கிளம்பியிருப்பேன். அப்புறம், ஞாயிறு போதவில்லை என்று துபாய்க்காரர்கள் நாலாவது ஆளாக வேறு யாரையாவது சேர்த்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவருக்கு வலிக்கும். அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெறும் பேச்சுக்காகத் தனியாக ஒரு போன் கால் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மேட்ச் இல்லாமல்.

விளாங்குடிக்காரன் எழுதியது:

சாவி தங்கச்சியிடம். அது மட்டும் நான் சொல்லவில்லை, அவளே கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

பூ மார்க்கெட் எழுதியது:

சாவி அவளிடம் இருந்தால் காலையில் திறப்பதும் அவள்தானே அண்ணே? ராத்திரி சாவி அவளிடம் இருக்கட்டும், காலை எட்டரைக்கு அதை வாங்கிக்கொண்டு போய் ஷட்டரைத் தூக்குவது மாப்பிள்ளை என்று பேசி முடியுங்கள். அடுத்த மாதம் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். அவரிடம் கேட்டு எழுத வேண்டாம், தங்கச்சியிடம் கேட்டு எழுதுங்கள்.